நடு முகத்தை அழுத்தியவள்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் நூலகர் அம்மா அவர்களே, ஆறே ஆறு கணினிகளை வைத்துக்கொண்டு அறுபது பேரைப் படிக்க வைக்கும் கற்றல் மையத்தின் ஒருங்கிணைப்பாளர் அண்ணன் அவர்களே, வேலை முடிந்த கையோடு விரல்களில் ஈரம் காயாமல் வந்து இரண்டாம் வரிசையை நிறைத்திருக்கும் என் சலவைக்கூடத்துச் சொந்தங்களே, பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு எனக்குக் காது கொடுக்கும் தாய்மார்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றாலும் முகம் சுளிக்காத பெரியவர்களே, இன்றுதான் இந்த மையத்தில் பெயர் பதிந்து, பதிந்தது சரிதானா என்ற யோசனையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இருபத்து மூன்று புதிய மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குரல் கேட்கவில்லை என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒலிபெருக்கி அண்ணனே, நீங்கள் எழுந்து வர வேண்டாம். குறை உங்கள் கருவியில் இல்லை, என் தொண்டையில் இருக்கிறது. கொஞ்ச நேரம் கொடுங்கள், சூடேறிவிடும்.

ஒருங்கிணைப்பாளர் அண்ணன் என்னைப் பேச அழைத்தபோது, "என்ன தலைப்பு அண்ணா?" என்று கேட்டேன். "மீயறிதலும் இணையவழிக் கற்றலும்" என்றார். அந்தத் தலைப்பைச் சலவைக்கூடத்தில் போய்ச் சொன்னேன். பாதிப் பேர் எங்களுக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது என்றார்கள். மீதிப் பேர் எந்த நாள் என்று கேட்காமலே வேலை இருக்கிறது என்றார்கள். ஆனால் பாருங்கள், ஒருவர் மீதம் இல்லாமல் வந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் தேநீர் உண்டு என்று அறிவித்த நூலகர் அம்மாவுக்கு என் முதல் நன்றி.

மீயறிதல் என்றால் என்ன? மிரள வேண்டாம். எது நமக்குத் தெரியும், எது நமக்குத் தெரியாது என்பதை நாமே தெரிந்து வைத்திருப்பது. படிக்கும்போதே, "இது எனக்குள் இறங்கியதா?" என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்வது. இவ்வளவுதானா என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த இவ்வளவுக்குத்தான் எனக்கு ஓராண்டு பிடித்தது.

நான் பட்டம் பெற்றவள் இல்லை, பரிசு வாங்கியவளும் இல்லை. ஒன்பதாம் வகுப்பின் பாதியில் பள்ளியை விட்டவள். அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. வீட்டில் இரட்டைத் தம்பிகள், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தார்கள். ஒருவனைக் குளியலறை வாசலில் பிடித்தால் மற்றவன் அடுப்படியில் இருப்பான். அவர்களைத் துரத்திக்கொண்டே இரண்டு ஆண்டு போயிற்று. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் நான் சலவைக்கூடத்தில் மடிப்பு மேசைக்கு வேலைக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். "மியூட்."

சிரியுங்கள், தவறில்லை. பெயர் வைத்தவர்களும் இங்கேதான் சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். காலையில் உள்ளே நுழைவேன், மாலையில் வெளியே போவேன். இடையில் நான் பேசியதை எண்ணினால் ஒரு கையின் விரல்கள் போதும்.

ஆனால் பேசாதவளுக்கு ஆசை இருக்காதா? எனக்கு ஓர் ஆசை இருந்தது. எங்கள் சலவைக்கூடத்துக்கு மருத்துவமனையிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்புகள் வரும். துவைத்ததைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது மருந்தகத்தின் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். வெள்ளை அங்கி அணிந்த பெண்கள் சிறு சிறு புட்டிகளை எடுத்து, அளந்து, பெயர் ஒட்டி, அடுக்கி வைப்பார்கள். அதிகம் பேச்சில்லை, ஆனால் அத்தனை பொறுப்பு. இந்த வேலை எனக்கென்றே செய்தது போல் இருக்கிறதே என்று தோன்றியது. மருந்தாளுநர் உதவியாளர் பயிற்சி என்று ஒன்று இருப்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதில் சேரப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேற வேண்டும். மற்ற பாடங்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். கணக்கு? கணக்கில் நூற்றுக்கு ஐம்பது வாங்காதவருக்கு அங்கே கதவு திறக்காது. மருந்தை அளக்கும் கைக்குக் கணக்கு தெரிய வேண்டாமா? நியாயம்தான்.

இந்த மையத்துக்கு வந்தேன். என் கைப்பேசியில் ஒரு கற்றல் செயலியை இறக்கிக் கொடுத்தார்கள். அதில் கணக்குக்கு மட்டும் நூற்று எண்பத்தாறு காணொளிகள். ஒரு காணொளி முடிந்தால் பக்கத்தில் ஒரு பச்சைக் குறி விழும். அந்தப் பச்சைக் குறியின் மீது எனக்கு வந்த காதலை எப்படிச் சொல்வேன்? ஒரு நாளைக்கு மூன்று விழுந்தால் அன்று சோறு இனிக்கும், ஐந்து விழுந்தால் தம்பிகள் செய்த சேட்டைகூட இனிக்கும். காதில் ஒரு இயர்போனை மாட்டிக்கொண்டு, மேசைக்கு மேலிருக்கும் தட்டில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, விரிப்பு மடித்தபடியே பாடம் கேட்பேன். நேரம் மிச்சமாகட்டும் என்று வேகத்தையும் கூட்டினேன். ஆசிரியர் அணில் குரலில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நான்கே மாதம். நூற்று எண்பத்தாறும் பச்சை. வயல்வெளி போல் ஒரே பச்சை.

மாதிரித் தேர்வு எழுதினேன். நாற்பது கேள்விகள். நூற்றுக்கு முப்பது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது தாய்மார்களே. நீங்கள் இப்போது உச்சுக்கொட்டினீர்களே, அதே ஓசைதான் எனக்குள்ளும் எழுந்தது. செயலியில் ஏதோ கோளாறு என்று ஒருங்கிணைப்பாளர் அண்ணனிடம் ஓடினேன். அவர் அன்று பழுதான பிரிண்டரைக் கழற்றிப் போட்டு, கைகளில் மையோடு உட்கார்ந்திருந்தார். என் கைப்பேசியைச் சுண்டுவிரலால் தள்ளித் தள்ளி ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"ஒவ்வொரு கேள்விக்கும் கீழ மூணு முகம் வருமே, பாத்தியா?"

"ம்."

"சிரிக்கிற முகம்னா, விடை எனக்கு நல்லா தெரியும். சுளிக்கிற முகம்னா, தெரியாது. நடுவுல ஒண்ணு இருக்கும்."

"ம்."

"நாப்பது கேள்விக்கும் நடுவுல இருக்கறதையே அமுக்கியிருக்கியேம்மா."

நான் அவர் கையிலிருந்த மையையே பார்த்தேன்.

"இதுல பன்னெண்டு சரியா போட்டிருக்க. ஒண்ணுகூடவா உனக்கு நிச்சயமா தெரியல? மிச்சம் இருபத்தெட்டுல ஒண்ணுகூடவா தெரியாதுன்னு தோணல?"

அண்ணனுக்கு அன்று பதில் சொல்லவில்லை. இன்று இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அது பள்ளியில் கற்ற பழக்கம் அண்ணா. முன்பெஞ்சில் அமர்ந்தால் கேள்வி கேட்பார்கள். கடைசிப் பெஞ்சில் அமர்ந்தால் தேடி வந்து கேட்பார்கள். நடுபெஞ்சில் அமர்ந்து, முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் தலையைச் சற்றே தாழ்த்திக்கொண்டால் ஆண்டு முழுதும் கேள்வியே வராது. தெரியும் என்று சொன்னால் நிரூபிக்கச் சொல்வார்கள், தெரியாது என்று சொன்னால் சிரிப்பார்கள். இரண்டும் இல்லாத ஓர் இடம் இருக்கிறது. அங்கேயே நான் குடியிருந்தேன். ஒரு செயலிக்கு முன்னால், ஒரு மனிதரும் பார்க்காதபோதும், ஓர் இயந்திரம் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளுமோ என்று கூச்சப்பட்டு நடுமுகத்தின் பின்னால் போய் ஒளிந்தேன். நான் கைப்பேசியைப் பார்த்தே வெட்கப்பட்டவள். உங்களைப் பார்த்து வெட்கப்படுவதில் என்ன அதிசயம்?

அந்தப் பக்கத்தின் அடியில் செயலி ஒரு வரி எழுதியிருந்தது. "உங்கள் உறுதிக்கும் உங்கள் விடைகளுக்கும் இடையே தொடர்பு எதுவும் தெரியவில்லை." என்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

இனி இந்தக் கதையின் நாயகி வருகிறார். இரண்டாம் வரிசையில் ஓரமாக, நீலத் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான். மடிப்பு மேசையில் எனக்கு எதிர்முனை பிடிப்பவர். எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்பதால் சலவைக்கூடமே அவரை ஏனக்கா என்று அழைக்கும். மருத்துவமனை விரிப்புக்கு ஏன் பச்சை நூல், விடுதி விரிப்புக்கு ஏன் நீல நூல், மேற்பார்வையாளர் ஏன் இன்று மீசை எடுத்திருக்கிறார், எல்லாம் கேட்பார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அங்கேயும் ஏன் ஏன் என்று கேட்டதால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று அவரே சொல்வார்.

மடிப்பு வேலையை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சூடான உருளைகளுக்கு இடையிலிருந்து விரிப்பு வெளியே வரும். ஆளுக்கு இரண்டு மூலை பிடிப்போம். நீளவாக்கில் ஒரு மடிப்பு, மீண்டும் ஒரு மடிப்பு. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூன்றாம் மடிப்பு. நான்காம் மடிப்பில் முகத்துக்கு முகம் நிற்போம். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மூலைகள் மாறும். ஒரு நாளைக்கு நானூறு முறை நான் ஏனக்காவின் முகத்தை ஒரு முழம் தூரத்தில் பார்ப்பேன். ஒளிய இடமே இல்லாத வேலை அது.

முப்பது மதிப்பெண் வாங்கிய மறுநாள், நான்காம் மடிப்பில் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"காதுல என்ன ஓடுது?"

"கணக்கு. மைனஸ் நம்பர்."

"என்ன சொல்றான் அவன்?"

"மைனசையும் மைனசையும் பெருக்குனா பிளஸ் வரும்."

"ஏன்?"

அடுத்த விரிப்பு வந்துவிட்டது. மூலை பிடித்தேன், மடித்தேன், மடித்தேன், நடந்து போனேன், மீண்டும் முகத்துக்கு முகம் நின்றேன். மூலைகளை மட்டும் அவர் கையில் கொடுத்தேன்.

"அந்த வீடியோவ முழுசா பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேங்க்கா."

"மூணு தடவயும் ஏன்னு அவன் சொல்லலையா?"

"சொல்லியிருப்பாரு."

"அப்போ உன் காது வரைக்கும்தான் வந்திருக்கு."

உறவுகளே, ஆயிரம் பக்கம் புரட்டினாலும் எனக்கு விளங்கியிருக்காத ஒன்று அந்த ஒரு வார்த்தையில் விளங்கியது. அந்தப் பச்சைக் குறி என்னிடம் என்ன சொன்னது? காணொளி முடிந்தது என்று சொன்னது. நான்தான் பாடம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். அது தன் வேலையைச் சொன்னது. நான் அதை என் வேலை என்று நம்பினேன். ஆசிரியர் அழகாக விளக்கினார், தலையாட்டினேன். ஆட்டியது என் தலைதான், ஆனால் புரிந்திருந்தது யாருக்கு? அவருக்கு. அவருக்குத்தான் அது முன்பே புரிந்திருக்கிறதே!

அன்றிலிருந்து எங்கள் மேசையில் ஒரு புதிய சட்டம். அணில் குரல் ஒழிந்தது, ஆசிரியருக்கு மனிதக் குரல் திரும்பியது. ஒரு சிறு பகுதி கேட்பேன், நிறுத்துவேன். பிறகு ஒரு விரிப்பு. நான்காம் மடிப்பில் மூலைகளைக் கொடுக்கும்போது, கேட்டதை என் வாயால் ஏனக்காவுக்குச் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் மேலே போவோம். சொல்ல முடியாவிட்டால் பின்னால் போவோம். நடுவில் நிற்க அங்கே வழியே கிடையாது. ஏனென்றால் அடுத்த விரிப்பு வந்துவிடும்.

ஏனக்காவுக்குக் கணக்கு தெரியாது. அதுதான் எனக்குக் கிடைத்த பெரும் பேறு. தெரிந்தவரிடம் சொன்னால் அவர் பாதியிலேயே "ஆமாம், சரி" என்று தலையாட்டிக் காப்பாற்றிவிடுவார். தெரியாதவர் காப்பாற்ற மாட்டார். "அது ஏன்?" என்பார். "புரியற மாதிரி சொல்லு" என்பார். "உனக்கே தெரியாதத எனக்கு விக்கப் பாக்கறியா?" என்பார்.

அந்த மைனஸ் கணக்குக்கு மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள், ஒரு விரிப்பு தலைகீழாக வந்தது. புரட்டிப் போட்டோம். அப்போது சட்டென்று பிடிபட்டது.

"அக்கா, மைனசால பெருக்கறதுன்னா புரட்டிப் போடறதுன்னு வெச்சுக்கோங்க. இப்ப முன்பக்கம் தெரியுதா? ஒரு தடவ புரட்டுங்க."

புரட்டினார். "பின்பக்கம்."

"அதான் மைனஸ். மறுபடியும் புரட்டுங்க."

புரட்டினார். விரிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீண்டும் ஒரு முறை புரட்டினார். பிறகு எனக்கே பயம் வரும் அளவுக்குப் புரட்டிக்கொண்டே இருந்தார். மேற்பார்வையாளர் வந்து நின்றதை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

"என்னம்மா நடக்குது இங்க?"

"கணக்கு சார்," என்றார் ஏனக்கா. "நீங்களும் ஒரு மூலைய புடிங்க."

பிடித்தார். சார், மறுக்காதீர்கள், நீங்களும்தான் சுவரோரம் நிற்கிறீர்கள். இரண்டு முறை புரட்டிவிட்டு, "இத எனக்குச் சின்ன வயசுல ஏன் யாரும் சொல்லல?" என்று நீங்கள் கேட்டீர்கள். அன்று மருத்துவமனைக்கு வண்டி பத்து நிமிடம் தாமதமாகப் போனதற்கு இதுதான் காரணம் என்பதையும் இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்.

ஏனக்காவுக்கும் ஆசை வந்தது. "குடு, நானும் பாக்கறேன்" என்று செயலியை வாங்கி இருபது கேள்விகளுக்கு விடை போட்டார். இருபதுக்கும் சிரிக்கிற முகம். நான்கு சரி.

"இது தப்பா சொல்லுது," என்றார்.

"இல்லக்கா, விடை கீழயே போட்டிருக்கு பாருங்க."

"அந்த விடையும் தப்பு."

இப்படி இருந்தோம் நாங்கள் இருவரும். ஒருத்திக்குத் தெரிந்தது தெரியாது, ஒருத்திக்குத் தெரியாதது தெரியாது. என்னிடம் சந்தேகம் அளவுக்கு மேல் இருந்தது, அவரிடம் துணிச்சல் அளவுக்கு மேல் இருந்தது. அன்று ஒரு பந்தயம் வைத்துக்கொண்டோம். எந்தச் சோதனையையும் எழுதும் முன், எவ்வளவு வாங்குவோம் என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். யார் சொன்னதற்கு அருகில் மதிப்பெண் வருகிறதோ அவர் வென்றவர். கவனியுங்கள், அதிகம் வாங்கியவர் வென்றவர் இல்லை. தன்னைச் சரியாக அறிந்தவர்தான் வென்றவர்.

முதல் வாரம் நான் எழுபது என்றேன், வந்தது நாற்பத்திரண்டு. எழுபது என்று சொன்னதே ஏனக்காவைப் பார்த்துச் செய்ததுதான். அடுத்த முறை அடங்கி ஒடுங்கி முப்பத்தைந்து என்றேன், வந்தது நாற்பத்தேழு. பிறகு ஐம்பது என்றேன், நாற்பத்தாறு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, சொன்னதும் வந்ததும் ஒன்றையொன்று நெருங்கின. முகங்களை அழுத்தும் விரலும் மாறியது. தெரிந்த கேள்விக்குச் சிரிப்பு, தெரியாததற்குச் சுளிப்பு, உண்மையாகவே சந்தேகம் இருந்தால் மட்டும் நடு. சுளிக்கிற முகத்தை முதல்முறை அழுத்தியபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? தெரியாது என்று சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பாடத்தைத் திறந்து உட்கார்ந்தேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

தேர்வு வந்தது. எழுதினேன். மற்ற பாடங்கள் கவலை தரவில்லை. கணக்கு வினாத்தாளிலேயே ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு சிறு முகம் வரைந்துகொண்டேன். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து கூட்டினேன். சிரிக்கிற முகங்கள் ஐம்பத்து நான்கு மதிப்பெண்ணுக்கு. நடு முகங்கள் பதினான்குக்கு. சுளித்தவை முப்பத்திரண்டு. நடுவில் பாதியைச் சேர்த்துக்கொண்டு, அறுபத்தொன்று என்று ஏனக்காவிடம் சொன்னேன்.

இதுவரை விளையாட்டாகத்தான் சொல்லி வந்தேன். இனி அப்படி இல்லை.

மருந்தாளுநர் உதவியாளர் பயிற்சிக்கு முன்பே விண்ணப்பம் போட்டிருந்தேன். அந்தப் பயிற்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து உறுதி செய்க. ஆனால் தேர்வு முடிவு வருவதோ அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. உறுதி செய்துவிட்டுத் தேர்வில் தவறினால் இடம் போகும், அதோடு இரண்டு ஆண்டுகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது. உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் காத்திருப்பவருக்குப் போகும், அடுத்த ஆண்டு முதலிலிருந்து வரிசையில் நிற்கலாம்.

கடிதத்தை அம்மா நான்கு முறை படிக்கச் சொன்னார். நான்கு முறை படித்தேன்.

"வேணாம்னு எழுதிக் குடுத்துடும்மா," என்றார். "ஒரு வருஷம்தான. பொறுத்துக்கலாம்."

"தேறிடுவேன்னு நெனைக்கறேம்மா."

"நெனைக்கறதுல நிக்காதுடி வாழ்க்க. தவறிட்டா ரெண்டு வருஷம் போயிடும். ஏற்கனவே உன்ன ஒரு தடவ நிறுத்துனது நான்தான். மறுபடியும் உன் படிப்பு நின்னுச்சுன்னா என்னால அத பாத்துட்டு உக்கார முடியாது."

அம்மா, நீங்கள் மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள். அன்று உங்களிடம் சொல்ல வராததை இன்று ஒலிபெருக்கியில் சொல்கிறேன். நீங்கள் என்னை நிறுத்தவில்லை. உங்கள் வலி நிறுத்தியது. அந்தக் கணக்கை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டாம்.

வெள்ளிக்கிழமை. பயிற்சி நிலையத்தில் விண்ணப்பப் பிரிவு. கண்ணாடித் தடுப்பில் ஒரு கைநுழையும் ஓட்டை. அதற்கு அப்பால் ஓர் எழுத்தர் ஐயா. எனக்குப் பின்னால் ஒன்பது பேர். தாளை உள்ளே நீட்டினேன்.

"உறுதி பண்றியாம்மா, இல்லையா?"

"பாக்கலாம் சார்," என்று என் வாய் தானாகச் சொன்னது.

"பாக்கலாம்னு இதுல கட்டமே இல்லம்மா. ஆம், இல்லை. ரெண்டே கட்டம்."

அவையோரே, என் வாழ்நாள் முழுவதும் நான் தேடித் தேடிப் போய் ஒளிந்த அந்த நடு இடத்தை அரசாங்கம் அந்தத் தாளில் அச்சடிக்க மறந்திருந்தது. பின்னால் நின்ற பெண் பெருமூச்சு விட்டாள். யார் சொல்வது எனக்கு? செயலி சொல்லுமா? அது கைப்பையில் உறங்கிக்கொண்டிருந்தது. ஒருங்கிணைப்பாளர் சொல்வாரா? ஏனக்கா சொல்வாரா? பெற்றவள் சொல்வாளா? அந்த வினாத்தாளின் முன் அமர்ந்தவள் யார்? அந்த விடைகளை எழுதியவள் யார்? எனக்கு என்ன தெரியும் என்பதை என்னைவிட அருகில் இருந்து பார்த்தவர் இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

மடித்து வைத்திருந்த வினாத்தாளை எடுத்தேன். அந்தச் சின்ன முகங்களை மீண்டும் ஒரு முறை எண்ணினேன். கூடச் சேர்த்துக்கொள்ளவில்லை. கூச்சத்தில் குறைக்கவும் இல்லை.

"ஆம் போடுங்க சார்."

"ரிசல்ட் வந்திடுச்சா?"

"இல்ல சார். செவ்வாய்க்கிழம வரும்."

"அப்புறம் எப்படிம்மா?"

"அம்பத்து நாலு மார்க் எனக்கு நிச்சயமா தெரியும் சார். பதினாலு சந்தேகம். மிச்சம் தெரியாது. அம்பது வாங்குனா போதும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இருபது வருஷமா இங்க உக்காந்திருக்கேன். தேறிடுவேன்னு சொல்வாங்க, கடவுள் விட்ட வழின்னு சொல்வாங்க. இவ்வளவு தெரியாதுன்னு யாரும் சொன்னதில்ல," என்றார். ஆம் என்ற கட்டத்தைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தார்.

தைரியமாகவா கையெழுத்துப் போட்டேன்? இல்லை. எழுத்து கோணியது. பயம் இருந்தது, ஆனால் பயம் வேறு, தெரியாமை வேறு என்று அன்றைக்கு எனக்குப் புரிந்திருந்தது. பயந்துகொண்டே ஒன்றை நிச்சயமாக அறிந்திருக்க முடியும். இதோ இப்போதுகூட இந்த ஒலிபெருக்கிக்குப் பயந்துகொண்டேதான் பேசுகிறேன். நான் சொல்ல வந்தது என்ன என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

அந்த நான்கு நாள் வீட்டில் அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் கடினமாக இருந்தது. தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. உருளைகளை நிறுத்திவிட்டார்கள். மேற்பார்வையாளர் சார்தான் நிறுத்தினார். ஈரக்கையோடு கைப்பேசியில் என் தேர்வு எண்ணை அடித்தேன். பக்கம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. என்னைச் சுற்றிப் பதினாறு தலைகள்.

கணக்கு, ஐம்பத்தொன்பது. தேர்ச்சி.

கை தட்டுங்கள், தட்டுங்கள், அன்று அவர்களும் இப்படித்தான் தட்டினார்கள். யாரோ ஒரு தலையணை உறையைத் தூக்கி வீசினார்கள். நான் அம்மாவுக்குப் போன் செய்து "தேறிட்டேம்மா" என்றேன். அம்மா தம்பிகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, "தம்பிங்களுக்கு நீயே சொல்லு, என்னால பேச முடியல" என்று போனை அவர்களிடம் கொடுத்துவிட்டார்.

இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே ஏனக்கா மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"அறுபத்தொண்ணுன்னு சொன்னியே. ரெண்டு எங்க போச்சு?"

"சந்தேகப்பட்டதுல ஏழு வரும்னு வெச்சேங்க்கா. அஞ்சுதான் வந்திருக்கு."

"ஏன்?"

சொன்னேன். கூம்பின் கனஅளவில் மூன்றால் வகுக்க மறந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுத்தான் என்னைக் கட்டிப்பிடித்தார்.

முன்வரிசையில் இருக்கும் இருபத்து மூன்று பேருக்கு ஒரு வார்த்தை. இங்கே உங்களுக்குச் செயலிகள் கிடைக்கும், காணொளிகள் கிடைக்கும், கேட்டதும் பதில் சொல்லும் கருவிகளும் கிடைக்கும். எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். அவை நல்லவை. அவை இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை. ஆனால் நீங்கள் கற்றீர்களா என்று அவற்றிடம் கேட்காதீர்கள். அவை வழி காட்டும், விளக்குப் பிடிக்கும், அலுக்காமல் ஆயிரம் முறை திரும்பச் சொல்லும். உள்ளே இறங்கியதா என்று எட்டிப் பார்க்க வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான். பாடத்தை நிறுத்துங்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராத இடத்தில் வெட்கப்படாதீர்கள், மகிழுங்கள். அடுத்து எதைப் படிப்பது என்று அந்த இடம் காட்டிக் கொடுத்துவிட்டது. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வது திமிர் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அவமானமும் இல்லை. இரண்டையும் சொல்லக் கூசுகிற பிள்ளை உங்களில் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நாம் இருவரும் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். பிறகு மெல்லத் தொடங்குவோம்.

மேடை தந்த நூலகர் அம்மாவுக்கும், பிரிண்டரை இன்னும் சரிசெய்துகொண்டிருக்கும் அண்ணனுக்கும், நான்காம் மடிப்பில் என்னைத் தப்ப விடாத அக்காவுக்கும், என் மெல்லிய குரலை இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எனக்குப் பயிற்சி தொடங்குகிறது. அங்கே என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் மிக நன்றாகத் தெரியும்.

வணக்கம்.